நாலு சிஸ்டம், ஒரு பிரிண்டர், ஒரு பத்திர ஆபீஸ்

"யாருங்க அக்கா சிஸ்டத்தை ஆஃப் பண்ணுனது?"

எங்கள் ஆபீஸில் பத்து வருஷத்துக்கு மேல் தினம் ஒரு தடவையாவது இந்தக் கேள்வி எழும். பிரிண்டரை பெரிய அக்காவின் கம்ப்யூட்டரோடு கட்டிப் போட்டிருந்தோம். மூன்றரை மணிக்குப் பையனைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவரக் கிளம்பும்போது, பொறுப்பான ஆள் என்பதால், அக்கா சிஸ்டத்தை ஒழுங்காக ஷட் டவுன் செய்துவிட்டுப் போவார். அதோடு மீதி மூன்று பேருக்கும் பிரிண்ட் கிடையாது. 2022 ஆடியில், எந்தக் கம்ப்யூட்டரையும் நம்பாமல் நேராக நெட்வொர்க்கில் சேர்கிற நெட்வொர்க் பிரிண்டர் ஒன்று வாங்கினேன். மூன்று வருஷம் ஓட்டிப் பார்த்தாயிற்று. இனி தைரியமாக எழுதலாம்.

என் கடை உடுமலைப்பேட்டையில், ரிஜிஸ்டர் ஆபீஸுக்கு நடந்து போகிற தூரத்தில் இருக்கிறது. ஷட்டர் போட்ட முன்னறை ஒன்று, பலகை அடித்துத் தடுத்த சின்னப் பின்னறை ஒன்று. பின்னறையில் நான் பத்திரம் எழுதுகிறேன். முன்னறையில் டைப் அடிக்கும் பெரிய அக்கா, சின்ன அக்கா, ஆன்லைன் வேலை பார்க்கும் தம்பி. கிரையம், தான செட்டில்மென்ட், பாகப்பிரிவினை, பவர், உயில், அடமானம், அதன் ரத்து. கூடவே வில்லங்கம் போடுவது, பட்டா நகல் எடுப்பது. சாதாரண நாளில் நூற்றைம்பது பக்கம் ஓடும். முகூர்த்த நாளில், ரிஜிஸ்டர் ஆபீஸில் பதிவுக்குக் கூடுதல் டோக்கன் விட்டால், நானூறு தாண்டிவிடும்.

பிரிண்டர் எந்தக் கம்பெனி என்று சொல்லப் போவதில்லை. குறையும் எழுதப் போகிறேன். கையில் இருக்கிற ஒரே ஒரு பீஸை வைத்துக்கொண்டு ஒரு கம்பெனி மேல் தீர்ப்பு எழுதுவது நியாயமில்லை. நீங்கள் கடைக்குப் போனால் மாடல் எண்ணின் கடைசி எழுத்துகளைப் பாருங்கள். பல கம்பெனிகளில் 'டி' இருந்தால் தாளின் இரண்டு பக்கமும் தானே அடிக்கும், 'என்' இருந்தால் நெட்வொர்க் கேபிள் சொருக இடம் இருக்கும், 'டபிள்யூ' இருந்தால் வைஃபை. என்னுடையது 'டிஎன்'. கருப்பு மட்டும் அடிக்கிற லேசர். விலை அன்றைக்கு 16,500.

இதற்கு முன்னால் இருந்தது எச்.பி. லேசர்ஜெட் 1020. 12ஏ டோனர் போடுகிற அந்தச் சின்ன வெள்ளைப் பெட்டியைப் பார்க்காத பத்திர எழுத்தரோ ஜெராக்ஸ் கடையோ தமிழ்நாட்டில் இருக்க முடியாது. 2010இல் செகண்ட் ஹேண்டாக வாங்கினேன். எத்தனை ரீஃபில் போட்டேன் என்று கணக்கே இல்லை. சாகவே சாகாது. அதற்கு இருப்பது ஒரே ஒரு யூஎஸ்பி ஒயர். ஒரு கம்ப்யூட்டருக்கு என்று செய்த பிரிண்டர் அது; நாலு பேர் அதன் மேல் ஏறி உட்கார்ந்தது எங்கள் தப்பு.

ஆரம்பத்தில் பென்டிரைவ்தான். நான் அடித்த டிராஃப்டை பென்டிரைவில் போட்டு அக்காவிடம் கொடுப்பேன். அக்கா திறந்தால் 'கிரைய ஆவணம்' என்று இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கமாவுமாகக் கொட்டிக் கிடக்கும். என் சிஸ்டத்தில் வானவில் ஃபாண்ட், அக்கா சிஸ்டத்தில் பாமினி ஃபாண்ட். எந்த சிஸ்டத்திலும் தமிழாகவே தெரிகிற யூனிகோடுக்கு மாறாத பழைய டிராஃப்டுகள் எங்கள் தொழிலில் ஆயிரக்கணக்கில் உண்டு. முப்பது வருஷத்துக்கு முந்தைய நாலு எல்லை விவரத்தை யாரும் திரும்ப டைப் அடிக்க மாட்டார்கள். ஃபாண்ட் ஏற்றினால் சரியாகிவிடும் என்பீர்கள். ஏற்றினோம். பிறகு அக்கா டிராஃப்டைத் திறந்ததும் பக்கம் ஒரு வரி கீழே இறங்கி, சாட்சி கையெழுத்து மட்டும் தனியாக அடுத்த தாளுக்குப் போய்விட்டது. டிராஃப்ட் எந்த சிஸ்டத்தில் தயாரானதோ அங்கிருந்தே பிரிண்ட் போக வேண்டும் என்பது எனக்கு அன்றைக்கே புரிந்துவிட்டது. ஊரில் நிறையப் பேர் இன்னும் "பென்டிரைவ் இருக்கும்போது ஷேரிங் எதுக்குங்க" என்கிறார்கள். தமிழ் ஃபாண்ட்டோடு மல்லுக்கட்டாதவர்கள்தான் அப்படிச் சொல்வார்கள்.

அப்புறம் விண்டோஸ் ஷேரிங். இது ஓசி. பிரிண்டர் இருக்கிற சிஸ்டத்தில் பிரிண்டர் பிராப்பர்ட்டீஸில் 'ஷேர் திஸ் பிரிண்டர்' டிக் போடு, நெட்வொர்க்கைப் பிரைவேட் என்று வை, மற்ற சிஸ்டங்களில் அந்தப் பெயரைத் தேடிச் சேர். பத்து நிமிஷ வேலை. இரண்டே சிஸ்டம், ஒரே மாதிரி விண்டோஸ், பிரிண்டர் இருக்கிற சிஸ்டம் காலையிலிருந்து ராத்திரி வரை ஓடும் என்றால் இதுவே போதும், காசைச் செலவழிக்காதீர்கள். எங்களுக்குப் போதாமல் போனதற்குக் காரணம் அக்காவின் மூன்றரை மணி மட்டுமில்லை. அந்த சிஸ்டம் தூங்கினால் பிரிண்டரும் தூங்கும். அக்கா பாஸ்வேர்டை மாற்றினால் எங்கள் மூவருக்கும் 'அனுமதி இல்லை' என்று வரும். யாராவது ஒருவர் அனுப்பிய ஃபைல் வரிசையில் சிக்கிக்கொண்டால் பின்னால் நிற்கிற அத்தனை பேரும் நிற்க வேண்டும். அதை எடுக்க விண்டோஸின் சர்வீசஸில் போய், வரிசையைப் பார்த்துக்கொள்கிற பிரிண்ட் ஸ்பூலரை நிறுத்தி, ஸ்பூல் என்ற ஃபோல்டருக்குள் இருக்கிற பிரிண்டர்ஸ் ஃபோல்டரைக் காலி செய்து, மறுபடி ஓட விட வேண்டும். அந்த வேலை அக்காவுக்கே மனப்பாடம் ஆகிவிட்டது. போனில் பேசிக்கொண்டே செய்வார்.

2021இல் கதை வேறு மாதிரிப் போனது. விண்டோஸின் பிரிண்ட் ஸ்பூலரில் பெரிய ஓட்டை ஒன்று வெளியே தெரிந்தது. பிரிண்ட் நைட்மேர் என்று பெயர் வைத்தார்கள். அதை அடைக்க ஜூலையில் அவசர அப்டேட்டும், செப்டம்பரில் கட்டுப்பாட்டை இறுக்கிய இன்னொன்றும் வந்தன. எங்கள் நாலு சிஸ்டத்தில் ஒன்று விண்டோஸ் 7, மற்ற மூன்றும் 10. ஒன்றில் அப்டேட் ஏறியிருந்தது, ஒன்றில் பாதி, ஒன்றில் பல மாசமாக நிறுத்தி வைத்திருந்தோம். ஒரு நாள் காலையில் 11பி என்று முடிகிற நீளமான எண் ஒன்றைக் காட்டிவிட்டு பிரிண்டர் கனெக்ட் ஆக மாட்டேன் என்றது. பூட்டை மாற்றியவர்கள் மேல் குற்றம் சொல்ல முடியாது. சாவி வாங்காமல் இருந்தவர்கள் நாங்கள்தான். விண்டோஸின் உள் அமைப்புப் பட்டியலான ரெஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பை மாற்றினால் பழையபடி ஓடும் என்று யாரோ சொல்ல, தம்பி மாற்றினான், ஓடியது. ஆனால் பாதுகாப்புக்காகப் போட்ட தாழ்ப்பாளை நாமே கழற்றி வைத்திருக்கிறோம் என்பது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. சொத்துக்காரர்களின் ஆதார் நகலெல்லாம் கிடக்கிற சிஸ்டங்கள் இவை.

நடுவில் ஒரு புத்திசாலித்தனம் செய்தேன். பிரிண்ட் சர்வர் என்று தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய பெட்டி வரும். ஒரு பக்கம் பிரிண்டரின் யூஎஸ்பி, இன்னொரு பக்கம் நெட்வொர்க் கேபிள். இரண்டாயிரத்துச் சொச்சம் கொடுத்து வாங்கினேன். விளக்கெல்லாம் எரிந்தது, பிரிண்ட் மட்டும் வரவில்லை. சிஸ்டம் சர்வீஸ் தம்பி வந்து இரண்டு மணி நேரம் போராடிவிட்டுக் காரணத்தைச் சொன்னார். 1020 தன் மூளையைத் தனக்குள் வைத்திருப்பதில்லை. ஒவ்வொரு தடவை ஸ்விட்ச் போடும்போதும் கம்ப்யூட்டர்தான் அதற்கு ஃபர்ம்வேரை ஊட்ட வேண்டும். ஊட்டத் தெரியாத பெட்டியோடு சேர்த்தால் அது வெறும் இரும்பு. பெட்டியும் நல்ல பெட்டி, பிரிண்டரும் நல்ல பிரிண்டர், ஜாதகம் மட்டும் பொருந்தவில்லை. பெட்டி இப்போதும் டிராயரில் கிடக்கிறது. வாங்குகிறவர்கள் உங்கள் மாடல் எண் அதன் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

ஆடி மாசம் எங்கள் தொழிலுக்கு வறட்சி. ஆடியில் யாரும் கிரையம் வாங்க மாட்டார்கள். ஆடிப் பதினெட்டு அன்றைக்கு மட்டும் கூட்டம் வரும், பிறகு ஆவணி பிறக்கிற வரை ஈ ஓட்ட வேண்டியதுதான். ஆகவே கூரை ஓட்டை, ஒயரிங் எல்லாவற்றையும் ஆடியில் வைத்துக்கொள்வோம். பிரிண்டரும் அப்படித்தான் வந்தது. 8 போர்ட் நெட்வொர்க் ஸ்விட்ச் ஒன்று, சுவரோரமாக இழுத்த கேபிள், கிளிப் அடித்த கூலி எல்லாம் சேர்த்து மூவாயிரத்துக்குக் கொஞ்சம் மேல்.

வைஃபை மாடல் ஏன் வாங்கவில்லை என்று எல்லோரும் கேட்டார்கள். கேபிளைச் சொருகினால் அதோடு முடிந்தது. வைஃபை என்றால் ரவுட்டர் மாறும்போதெல்லாம் அந்த ஒரு வரி டிஸ்பிளேயில் பாஸ்வேர்டை ஒவ்வோர் எழுத்தாக ஏற்றி இறக்கி அடிக்க வேண்டும். எனக்குப் பொறுமை இல்லை.

பொருத்தும்போது சர்வீஸ் தம்பி செய்த ஒரு வேலையைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் காசு கொடுத்து வாங்கிவிட்டு இதைச் செய்யாமல் விட்டு "நெட்வொர்க் பிரிண்டர் சரியில்லை" என்று புலம்புகிற மூன்று ஆபீஸை எனக்கே தெரியும். பிரிண்டரை சொருகியதும் விண்டோஸ் தானே கண்டுபிடித்துச் சேர்த்துக்கொள்ளும். பிரிண்டும் வரும். நாலு நாள் கழித்து 'ஆஃப்லைன்' என்று காட்டும். ரவுட்டர் பிரிண்டருக்கு வேறு நெட்வொர்க் எண் கொடுத்திருக்கும். பழைய கதவையே சிஸ்டம் தட்டிக்கொண்டிருக்கும். அதனால் சர்வீஸ் தம்பி முதலில் ரவுட்டருக்குள் போய், பிரிண்டருக்கு 192.168.1.200 என்ற எண்ணை நிரந்தரமாக ஒதுக்கினார். வீட்டுக்குக் கதவு எண் மாதிரி. பிறகு ஒவ்வொரு சிஸ்டத்திலும் தானே சேர்ந்த பிரிண்டரை நீக்கிவிட்டு, 'டிசிபி ஐபி' போர்ட் என்று கையால் அந்த எண்ணைக் கொடுத்துச் சேர்த்தார். அந்த போர்ட்டின் அமைப்பில், பிரிண்டர் எப்படி இருக்கிறது என்று விண்டோஸ் விசாரிப்பதற்கு 'எஸ்என்எம்பி ஸ்டேட்டஸ்' என்று ஒரு டிக் இருக்கும், அதையும் எடுத்துவிட்டார். அந்த விசாரிப்புக்குச் சரியான பதில் வராவிட்டால், பிரிண்டர் நன்றாக இருக்கும்போதே விண்டோஸ் அதை ஆஃப்லைன் என்று முடிவு கட்டிவிடுமாம். நாலு சிஸ்டத்துக்கும் முக்கால் மணி நேரம். கூலி 600. அந்த 600தான் இந்த மொத்தச் செலவில் அதிகப் பலன் தந்த காசு.

பலன் என்ன? அக்கா எப்போது போனாலும் கவலையில்லை. விண்டோஸ் 7, 10, பிறகு எங்கள் ஆபீஸ் தம்பிக்கு வாங்கிக் கொடுத்த 11 எல்லாம் அதனதன் பாட்டுக்கு பிரிண்டரோடு நேராகப் பேசுகின்றன. ஒன்றின் அப்டேட் இன்னொன்றைத் தொடுவதில்லை. ஒவ்வொரு சிஸ்டத்துக்கும் தனி வரிசை என்பதால் ஒருவர் ஃபைல் சிக்கினால் அவர் மட்டும் நிற்பார். இரண்டு பேர் ஒரே நேரத்தில் அனுப்பினால் முதலில் வந்தது முடிகிற வரை மற்றது காத்திருக்கும். பக்கங்கள் ஒன்றோடொன்று கலப்பதில்லை. வேகமும் 1020ஐ விட இரண்டு மடங்கு. 28 பக்கப் பாகப்பிரிவினைப் பத்திரம் டீ கிளாஸைக் கீழே வைப்பதற்குள் வந்துவிடுகிறது.

ஒரே ஒரு தடவை எல்லோருக்கும் மொத்தமாக நின்றது. இன்டர்நெட் கனெக்‌ஷனை மாற்றினோம், புது ரவுட்டர் வந்தது. அது கொடுக்கிற எண் வரிசையே வேறு, பிரிண்டர் கதவு எண் பழைய தெருவில் மாட்டிக்கொண்டது. அரை நாள் போச்சு. இன்டர்நெட் மாற்றுகிறவர்கள் அதே நாளில் பிரிண்டருக்கும் ஆள் சொல்லி வையுங்கள். முகூர்த்த நாளில் மாற்றாதீர்கள்.

இனி குறை. முதல் குறை பிரிண்டருடையதா, என்னுடையதா என்று நீங்களே சொல்லுங்கள்.

எங்களிடம் மூன்று வகைத் தாள் ஓடும். ஏ4, லீகல், முத்திரைத்தாள். ஏ4 கீழே டிரேயில். முத்திரைத்தாளை எந்தப் பத்திர எழுத்தரும் டிரேயில் வைக்க மாட்டார். முன்னால் இருக்கிற கை ஊட்டுத் துவாரத்தில் ஒவ்வொன்றாக வைத்து, கோணல் இல்லாமல் இரண்டு பக்க வழிகாட்டியையும் ஒட்டி நகர்த்தி, பிள்ளையாரை நினைத்துக்கொண்டு விடுவோம். பழைய பிரிண்டர் பெரிய அக்காவின் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது. அக்கா முத்திரைத்தாளை வைக்கும்போதே "யாரும் பிரிண்ட் குடுக்காதீங்க!" என்று ஒரு குரல் கொடுப்பார். புது பிரிண்டரை எல்லோருக்கும் சமமான தூரம் என்று அறைக்கு நடுவில் வைத்தேன். சமத்துவம் பேசினால் இப்படித்தான்.

வாங்கி இரண்டாவது வாரம். ஒரு கிரையம், 10:40க்கு டோக்கன். அக்கா எழுந்து வந்து 5,000 ரூபாய் முத்திரைத்தாளைத் துவாரத்தில் வைத்தார். தன் சீட்டுக்குத் திரும்பி நடந்தார். ஏழெட்டு அடி. அதற்குள் மூலையில் இருந்த தம்பி யாருக்கோ பட்டா நகல் பிரிண்ட் கொடுத்துவிட்டான். டிரே என்று தனியாகச் சொல்லாமல் 'ஆட்டோ செலக்ட்' என்று விட்டிருந்தால், துவாரத்தில் தாள் இருக்கும்போது பிரிண்டர் அதைத்தான் முதலில் இழுக்கும். இழுத்தது. ரூபாய் ஐயாயிரம் என்று பெரிதாக அச்சடித்த, பார்ட்டி பெயர் எழுதின அந்தத் தாளின் மேல், புன்செய் இரண்டு ஏக்கர் சொச்சத்துக்கு, சம்பந்தமே இல்லாத ஒருவருடைய பட்டா அழகாக இறங்கி வந்தது. மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டே நின்றோம். தம்பி முகத்தில் ரத்தமே இல்லை. பார்ட்டி எதிரில் பெஞ்சில் உட்கார்ந்து, ராகு காலம் எப்போது என்று சாட்சியிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

முத்திரைத்தாள் விற்கிற வெண்டரிடம் ஓடி வேறு தாள் வாங்கிப் பதிவை முடித்துவிட்டோம். அந்த 5,000 என் கையிலிருந்து போனது. கெட்டுப்போன முத்திரைத்தாளுக்கு ஆறு மாசத்துக்குள் மனுக் கொடுத்துப் பணத்தைத் திரும்பக் கேட்க முத்திரைச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனால் அதற்கு நடக்கிற நடையில் செருப்பு தேய்ந்துவிடும்.

அன்றைக்குச் சாயங்காலமே ஓர் ஏற்பாடு செய்தோம். விண்டோஸில் ஒரே பிரிண்டரை இரண்டு பெயரில் இரண்டு தடவை சேர்த்து வைக்கலாம். இரண்டுக்கும் கதவு எண் ஒன்றுதான், அமைப்புதான் வேறு. 'வெள்ளை' என்ற பெயரில் ஒன்று: டிரே மட்டும், ஏ4. 'பத்திரம்' என்ற பெயரில் இன்னொன்று: கை ஊட்டுத் துவாரம் மட்டும், தடித்த தாள், அளவு 215க்கு 345 மில்லிமீட்டர். தம்பியின் சிஸ்டத்தில் 'வெள்ளை' மட்டும்தான் உண்டு. 'வெள்ளை'யில் அனுப்பினால் துவாரத்தில் தங்கத் தகடே இருந்தாலும் பிரிண்டர் தொடாது. 'பத்திரம்' என்று அனுப்பினால் தாள் வைக்கிற வரை காத்திருக்கும்; ஆகவே இப்போது பிரிண்ட் கொடுத்துவிட்டுத்தான் தாளை வைக்கிறோம், முன்பு மாதிரி வைத்துவிட்டுக் கொடுப்பதில்லை. மூன்று வருஷத்தில் ஒரு முத்திரைத்தாள்கூடக் கெடவில்லை.

அந்த அளவை நான் சும்மா சொல்லவில்லை. டிரைவரில் 'லீகல்' என்று இருப்பது அமெரிக்க அளவு, 356 மில்லிமீட்டர் நீளம். நம் கடைகளில் லீகல் என்று விற்கிற ரீம் 345தான். சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம். டிரைவர் சொன்னபடி நம்பினால் கடைசி வரி தாளை விட்டு இறங்கிவிடும், அல்லது கீழே கையெழுத்துக்கு விட்ட இடம் சுருங்கும். நாமே ஓர் அளவை உண்டாக்கிப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும். 'தடித்த தாள்' என்று சொல்லாவிட்டால் சூடு போதாமல், மடிக்கிற இடத்தில் டோனர் பொடிப் பொடியாக உதிரும். மடித்து இரும்புப் பெட்டியில் முப்பது வருஷம் வைக்கப் போகிற காகிதம் இது.

அப்புறம் அந்த 'டி'. இரண்டு பக்கமும் அடிப்பது பேப்பர் மிச்சம்தான், ஆனால் பெட்டியிலிருந்து எடுத்ததுமே அதுதான் இயல்பு நிலையாக இருந்தது. லீகல் தாளில் அடித்த ஒரு பத்திரத்தின் இரண்டாம் பக்கம் முதல் தாளின் முதுகில் வந்துவிட்டது. எல்லா சிஸ்டத்திலும் அதை அணைத்துவிட்டு, டிராஃப்ட் படித்துப் பார்க்க மட்டும் போட்டுக்கொள்கிறோம்.

இரண்டாவது விஷயம் தொழில்நுட்பம் இல்லை, ஆனால் எனக்கு இதுதான் பெரிது. பொது பிரிண்டர் என்றால் பொதுத் தட்டு. ஒரு பெரியவர் உயில் எழுத வந்தார். பின்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மணி நேரம் பேசினோம். யாருக்கு எதை விடுகிறார் என்பது அவருக்கும் எனக்கும் மட்டும் தெரியும். டிராஃப்டை பிரிண்ட் கொடுத்துவிட்டு, அவர் கேட்ட இன்னொரு சந்தேகத்துக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். அவரைக் கூட்டிவந்த சின்ன மகன் முன்னறையில், பிரிண்டருக்கு எதிர் நாற்காலியில். தாள்கள் எழுத்து கீழே பார்த்து விழுகிற அமைப்பு என்பதால் தப்பித்தேன். சின்ன அக்கா கவனித்து, எடுத்துக் கவிழ்த்து மூடி, "அண்ணா, இதை மறந்துட்டீங்க" என்று உள்ளே கொடுத்தார். பெரியவர் ஒன்றும் பேசாமல் என்னைப் பார்த்தார். உயில் எழுத வேறு ஆபீஸுக்குப் போயிருக்க வேண்டுமோ என்று அவர் யோசித்ததாகவே எனக்குத் தோன்றியது.

இதற்கும் பிரிண்டரிலேயே வழி இருக்கிறது, அதுவரை மெனுவில் நான் பார்க்காமல் விட்டது. 'செக்யூர் பிரிண்ட்' என்று அனுப்பினால் பிரிண்டர் வாங்கி வைத்துக்கொண்டு சும்மா இருக்கும். நான் போய் நாலு இலக்க எண்ணை அடித்தால்தான் வெளியே விடும். உயிலுக்கும் செட்டில்மென்ட்டுக்கும் இப்போது அதுதான். ஒரு தொல்லை: கரண்ட் போனால் வாங்கி வைத்ததை மறந்துவிடும், மறுபடி அனுப்ப வேண்டும்.

கரண்ட் என்றதும் ஒன்று. லேசர் பிரிண்டரைச் சின்ன யூபிஎஸ்ஸில் மாட்டாதீர்கள். டோனரை உருக்கிப் பதிக்க உள்ளே ஒரு ஹீட்டர் இருக்கிறது. அது சூடேறும்போது இழுக்கிற இழுப்பில் 600 விஏ யூபிஎஸ் கத்திக்கொண்டு படுத்துவிடும். எங்கள் முதல் யூபிஎஸ் அப்படித்தான் போனது. ஸ்விட்ச்சையும் ரவுட்டரையும் யூபிஎஸ்ஸில் போட்டிருக்கிறேன், பிரிண்டர் நேராகச் சுவரில்.

டோனர் கணக்கு. டிரம் தனி, டோனர் தனி. ஒரிஜினல் டோனர் 2,600 பக்கம் என்று போட்டிருக்கிறார்கள்; அது தாளில் ஐந்து சதவீதம் மை விழுகிற பக்கத்துக்கான கணக்கு. பத்திரம் என்பது மேலிருந்து கீழே வரை மூச்சு விடாமல் எழுத்து. எங்களுக்கு 1,700, 1,800 வந்தால் பெரிது. ரீஃபில் போட்டால் மலிவு, ஆனால் இரண்டு தடவைக்கு மேல் போட்டால் ஓரத்தில் சாம்பல் கோடு விழுகிறது. ஆடிக்காற்றில் பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து வருகிற புழுதி வேறு. ஷட்டர் திறந்து வைத்த ஆபீஸில் பிரிண்டருக்கு ஒரு துண்டு போர்த்தி வைப்பது நல்லது. அணைத்த பிறகு என்று சொல்லத் தேவையில்லை.

போனிலிருந்து பிரிண்ட் எடுப்பது நான் கேட்காமலே வந்த வசதி. பிரிண்டருக்கு வைஃபை இல்லாவிட்டாலும் அதே ரவுட்டரில் சேர்ந்த போன் அதைக் கண்டுபிடித்துவிடுகிறது. பார்ட்டி வாட்ஸாப்பில் அனுப்பிய ஆதாரை அப்படியே அனுப்பலாம். அந்தச் சந்தோஷத்தில் காத்திருக்கிறவர்களுக்கெல்லாம் வைஃபை பாஸ்வேர்டைக் கொடுத்தேன். ஒரு நாள் யாரும் அனுப்பாமலே ஒரு பக்கம் வந்தது: ஸ்கூல் ஃபேன்சி டிரெஸ்ஸுக்குப் பாரதியார் மீசை. சாட்சிக்கு வந்தவரின் மகள் அம்மா போனில் விளையாடிக்கொண்டிருந்திருக்கிறாள். இப்போது விருந்தாளிகளுக்கு ரவுட்டரில் தனி வைஃபை.

போன மாசம் தாள் இழுக்கிற ரோலர் தேய்ந்து, இரண்டு இரண்டாக இழுக்க ஆரம்பித்தது. ரோலர் கோயம்புத்தூரிலிருந்து வர நாலு நாள் என்றார்கள். பரண் மேலிருந்து 1020ஐ இறக்கினோம். துடைத்து, பெரிய அக்காவின் சிஸ்டத்தில் சொருகி, ஷேர் டிக் போட்டு, மற்ற மூன்றிலும் சேர்த்தோம். மூன்று வருஷம் தூங்கியது, முதல் பக்கமே பளிச்சென்று வந்தது. எனக்கே கண் கலங்கியது.

மூன்றாம் நாள் சாயங்காலம் ஓர் அடமான ரத்து அவசரம். நான் பின்னறையில் பிரிண்ட் கொடுத்துவிட்டுக் காத்திருந்தேன். வெளியே அக்காவின் ஸ்கூட்டி ஸ்டார்ட் ஆகிற சத்தம் கேட்டது. தம்பிதான் முதலில் கத்தினான்.